கேட்காத அந்த ‘டிக்’ சத்தம்

போன வருடம், தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுங்கை பட்டாணியில் என் மாமா வீட்டு ஹாலில் பழைய பேப்பரை விரித்து, என் மச்சானுடைய கம்ப்யூட்டரைப் படுக்க வைத்து, அதன் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் செய்த காரியத்தை இதுவரை இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

மச்சான் என்றால் சொந்தத் தாய்மாமன் மகன். செமிலிங் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்தோம். ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். மண்டையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது என்று நான் சொல்லிக்கொள்வேன். சம்பளச் சீட்டு வேறு மாதிரி சொல்லும். அவன் பினாங்கில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர், தினமும் மாமா வீட்டிலிருந்தே போய்வருகிறான். நான் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவன். கல்யாணம், காது குத்து என்று சொந்தம் கூடுகிற இடத்திலெல்லாம் அவனைப் பற்றி விசாரித்த பிறகுதான் என் பக்கம் திரும்புவார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவனுக்கு மேல். கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டுவது எனக்குத் தண்ணி பட்ட பாடு. தோட்டத்தில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மச்சானுக்கு ஸ்க்ரூவைக் கழற்றவே கை நடுங்கும்.

நாங்கள் இருவரும் அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்து கேம் விளையாடுவோம். என் மெஷினுக்கு எட்டு வயது. திரையில் படத்தை வரைகிற கிராஃபிக்ஸ் கார்டுதான் அதன் உயிர். அதற்கோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கேமைத் திறந்தால் போதும், புல் வெட்டுகிற மெஷின் மாதிரி சத்தம் போடும். எல்லாவற்றையும் குறைத்து வைத்தால்தான் ஓடும். ஒரு நாள் மச்சான் ஹெட்போனில் கத்துகிறான், “டேய், மரத்துக்குப் பின்னால ஆளு நிக்கிறான்டா, சுடு லா!” “எனக்கு மரமே தெரியலடா!” என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அது சிரிப்பாக இல்லை.

செகண்ட் ஹேண்டில் ஒரு நல்ல கார்டு வாங்க ஓவர்டைம் காசைச் சேர்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை காரின் கியர்பாக்ஸ் அதை விழுங்கியது. இன்னொரு தடவை அம்மாவின் பல் வைத்தியம். மூன்றாவது தடவை சேர்த்துக்கொண்டிருந்தபோதுதான் மச்சான் போன் செய்தான்.

“மச்சான், புது கார்டு வாங்கிட்டேன்டா. நீதான் வந்து மாட்டிக் குடுக்கணும்.”

சந்தோஷமாகத்தான் “வரேன்டா” என்றேன். போனை வைத்ததும் வயிறு எரிந்தது. இதை எப்படி நாசூக்காக எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன், முடியவில்லை. பச்சைப் பொறாமை. அவனுடைய பழைய கார்டே என்னுடையதைவிட நாலு மடங்கு மேல். அதற்குள் அவனுக்கு என்ன அவசரம்?

பெட்டியைத் திறந்தபோது அந்தக் கார்டு செங்கல் கணக்காக இருந்தது. கையில் எடுத்தால் கனம். புது வாசனை. அவன் குழந்தையைத் தூக்கிக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்தான். பழையதைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டுப் புதியதை அதன் இடத்தில் பொருத்தினேன். மிச்சம் இருந்தது கரண்ட் வயர் மட்டும்தான். அந்த முனையைக் கடைசிவரை அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அது வந்தால்தான் முழுசாக உட்கார்ந்தது என்று அர்த்தம். அரைகுறையாக நின்றால் சூடேறி உருகிவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

வயர் புதிது, விறைப்பாக இருந்தது. ஒரு தடவை அழுத்தினேன். பக்கத்தில் குந்தியிருந்த மச்சான் அப்போது சொன்னான்:

“உன் பழைய மெஷினை இரும்பு வாங்குற லோரிக்காரன்கிட்ட தூக்கிப் போட்டுடுடா. அவனே யோசிப்பான், வாங்கலாமா வேணாமான்னு.”

எப்போதும் செய்கிற கேலிதான். வேறு ஒரு நாளாக இருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்குச் சுருக்கென்று தைத்தது. என் விரல் அப்படியே நின்றுவிட்டது. நகக்கண் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுக் கையை எடுத்தேன்.

அவன் கேட்டான். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. “டிக்குன்னு சத்தம் வரணும்னு வீடியோல சொன்னானேடா? சரியா இருக்கா?”

“அதெல்லாம் ஒண்ணும் வராதுடா. சரியாதான் இருக்கு.”

கண்ணாடியை மாட்டி ஸ்க்ரூவை முறுக்கினேன். ஆன் செய்ததும் உள்ளே நீலமும் சிவப்புமாக விளக்கு எரிந்தது. அத்தை குங்குமச் சிமிழோடு ஓடி வந்து கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தவர், வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து, “அம்மாடி, கலர் கலரா எரியுதே! எவ்ளோ ஆச்சு தம்பி?” என்று கேட்டார். அத்தையின் முகம் மாறியதை நான் கவனித்தேன்.

பீடோங்கில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும்போது, “நாளைக்குப் போன் பண்ணி வயரைப் பார்க்கச் சொல்லலாம்” என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாளை பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது. இடையில் இரண்டு தடவை அவனோடு விளையாடினேன். “மச்சான், ஒவ்வொரு இலையும் தெரியுதுடா!” என்றான். சொல்ல வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன்.

பன்னிரண்டாவது நாள் அவனே போன் செய்தான். ஸ்கிரீன் கறுப்பாகிவிட்டது, கருகிய நாற்றம் வருகிறது என்றான். நல்ல வேளை, சுவிட்சை உடனே அணைத்திருக்கிறான். போய்த் திறந்து பார்த்தேன். வயரின் முனை உருகிக் கார்டோடு ஒட்டிப்போயிருந்தது. அந்த வீட்டில் ராத்திரி மாமாவும் அத்தையும் தூங்குகிறார்கள் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அத்தைக்கு ஒரே முடிவுதான். “கண்ணு பட்டுருச்சு. அவ கண்ணுதான். எவ்ளோ ஆச்சுன்னு கேட்டாளே அன்னைக்கே எனக்குத் திக்குன்னுச்சு. இந்தத் தீபாவளிக்கு அவ வீட்டுக்கு ஒரு முறுக்குகூடப் போகாது, பாத்துக்க.” பதினைந்து வருடப் பழக்கம். ஒருவர் வீட்டுச் சாவி இன்னொருவர் வீட்டில் இருக்கும்.

இதைச் சொல்லிக்கொண்டே உப்பும் காய்ந்த மிளகாயும் கையில் எடுத்து வந்தார். “ரெண்டு பேரும் ஒண்ணா நில்லுங்கடா. நீதானே மாட்டுன, உனக்கும் சேத்துச் சுத்திப் போடுறேன்.” என் தலையைச் சுற்றி மூன்று முறை. “ஊரு கண்ணு, உறவு கண்ணு, நாயி கண்ணு, நரி கண்ணு...” உறவு கண்ணு என்றபோது அவர் கை என் முகத்துக்கு நேராக வந்தது.

மிளகாயை நெருப்பில் போட்டார். வழக்கமாக வீடே தும்மும். அன்று வாசல் காற்று வாட்டமாக அடித்ததோ என்னவோ, ஒருவருக்கும் கமறவில்லை. “பாத்தியா, நெடியே வரல! அவ்ளோ திருஷ்டி!” என்றார் அத்தை.

அதே நேரத்தில் மச்சான் அறையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துவந்தான். உள்ளே அவனுடைய பழைய கார்டு. தூசி தட்டி, பஞ்சால் துடைத்து, பெட்டியைச் சுற்றித் தீபாவளிப் பரிசுத் தாள் பாதி ஒட்டியிருந்தான்.

“உனக்குத் தீபாவளிக்குத் தரலாம்னு வச்சிருந்தேன்டா. அதான் அன்னைக்கு உன் மெஷினை லோரிக்காரன்கிட்ட போடச் சொல்லி வெறுப்பேத்துனேன். இப்ப நானே போட்டுக்க வேண்டியதாப் போச்சு. சாரிடா மச்சான்.”

என்னிடம் அவன் மன்னிப்பு கேட்கிறான்!

“அத்தை, அந்த அக்கா கண்ணு இல்ல. என் கைதான்,” என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்து அத்தை சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. உருகிய வயரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “அன்னைக்கே கேட்டேனேடா,” என்றான். “தெரிஞ்சேதான் விட்டேன்டா. பொறாமைடா,” என்றேன். அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

மூன்றாவது தடவை சேர்த்த காசு இப்படித்தான் செலவானது. அலோர் ஸ்டாரில் ஒரு ரிப்பேர் கடைக்காரர் கார்டின் கருகிய பாகத்தை மாற்றிக் கொடுத்தார். புது வயரும் வாங்கினேன். கார்டு பிழைத்தது. கொண்டுபோய்க் கொடுத்தபோது மச்சான் “ம்” என்றான், அவ்வளவுதான். அத்தை திட்டவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் என்னை வரச்சொல்லி, முறுக்கு டின்னைக் கையில் திணித்து, “நீயே கொண்டுபோய் அவளுக்குக் குடு,” என்றார். ஒன்றும் அறியாத அந்த அக்கா, “இளைச்சுட்டியே தம்பி, உக்காரு,” என்று எனக்கு மூன்று அதிரசம் வைத்தார்.

இரண்டு மாதம் மச்சான் விளையாட வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் பீடோங்கில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் அதே அட்டைப்பெட்டி. “பசியாறிட்டேன், ஒண்ணும் வேணாம். மெஷினைத் திற,” என்றான். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டான். “நீ தொடாத. நான் மாட்டுறேன்.”

நடுங்குகிற கையோடு, முக்கால் மணி நேரம் எடுத்து, அவனே மாட்டினான். கடைசியில் வயரை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். டிக்.

“கேட்டுச்சா?” என்றான், என் முகத்தைப் பார்த்து.

“கேட்டுச்சுடா.”

இப்போது என் திரையிலும் மரங்கள் தெரிகின்றன, இலையோடு. ஆனால் அன்றிலிருந்து யாராவது என்னிடம் “சரியா இருக்கா?” என்று கேட்டால், இன்னொரு தடவை தொட்டுப் பார்க்காமல் “இருக்கு” என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.