ஜெபஸ்டின் இமையில் குடியேறிய பேய்

கடலூர் முதுநகரில் யார் கண்ணை மூடினாலும், கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டியோடு முதலில் வந்து நிற்பவன் ஜெபஸ்டின். பெட்டியை இறக்குவான், பிளக்கைச் சொருகுவான், ஓரமாய் நின்று டீ குடிப்பான். பிணத்தைத் தொடுவது உறவுக்காரர்கள் பாடு. சீக்காளி கிடக்கும் வீடுகளில் அவன் தலை தெரிந்தால் கதவைச் சாத்துவார்கள். அதை அவன் இலவச விளம்பரம் என்று எடுத்துக்கொள்வான்.

அப்பேர்ப்பட்டவன் ஒரு நாள் குளிக்கும்போது, தன் அடிவயிற்றிலும் தொடையிலும் நீலத் திட்டுகளைக் கண்டான். அமுக்கினால் வலிக்கவில்லை. சாம்பல் கலந்த அந்த நீலத்தை அவன் தொழில்முறையில் அறிவான். கண்ணாடி மூடிக்கு அடியில் பார்த்த நிறம்.

அரிப்பு முன்னமே இருந்தது. வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் காலை சவரம் செய்யக் கண்ணாடியைக் கிட்டே இழுத்தபோது, அவன் இமை கொட்டாமலேயே இமையடியில் ஏதோ நகர்ந்தது.

இரண்டு சேதியையும் போனில் கேட்டு, மாமியார் சவரிமேரி மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். மருமகனின் சிவந்த கண்ணைப் பார்த்தாள். நீலத்தைக் காட்டச் சொல்லி அவளும் கேட்கவில்லை, அவனும் காட்டவில்லை.

"சாவு வீடு சாவு வீடா பொட்டி தூக்கறீங்களே மாப்ளே, எவனோ ஒருத்தன் பொட்டிய வுட்டு எறங்கி கூடவே வந்துட்டான். நீலம் பூத்திருந்தா பேய் கிள்ளுதுன்னு அர்த்தம்."

"வேர்க்குருவா இருக்கும் அத்தை."

"கண்ணு மயிருலயா வேர்க்குரு வரும்? சனிக்கெழமைக்குள்ள இது போவலன்னா எம் பொண்ண கூட்டினு போயிடுவேன். அப்புறம் பொட்டியோட குடும்பம் நடத்துங்க."

மனைவி ஆரோக்கிய அனிதா மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். பேய்க்குப் பயப்படாத ஜெபஸ்டின், அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பயந்தான். கோயிலில் மந்திரித்த எண்ணெயை இமையில் கெட்டியாகப் பூசினான். இமையில் நடமாட்டம் நின்றது. வீடே 'மரியே வாழ்க' சொன்னது. இடுப்புக்குக் கீழே இருந்த பேய்க்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை.

வெள்ளிக்கிழமை சிதம்பரம் பஸ் ஏறினான். கடலூரில் தோல் டாக்டர் வாசலில் நின்றால் ஊரே விசாரிக்கும்.

டாக்டர் ராமாமிர்தம் பார்த்தார். பிளாஸ்திரியில் ஒன்றை ஒட்டி எடுத்து, பூதக்கண்ணாடியை அவன் கையிலேயே கொடுத்தார். குட்டி நண்டு. கிள்ளை மீன் சந்தையில் கூடை கூடையாய் விற்பார்களே, அதேதான், கடுகை விடச் சின்னதாக. கொடுக்குக் கால் இன்னும் காற்றில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"பேன்தான்யா. தலைப்பேன் இல்ல, இது வேற. அடர்த்தியான முடி இதுக்கு ஒத்துக்காது. இடுப்புக்கு அடியில, அக்குள்ல, தாடியில, இமையில, எட்ட எட்ட இருக்கற முடியா பார்த்துப் புடிச்சுக்கும். குதிக்காது, பறக்காது, ஒடம்போட ஒடம்பு ஒட்டுனாத்தான் ஆள் மாறும். நீலம், அது கடிச்ச தடம்."

"பொணத்துலேர்ந்து ஒட்டிக்குங்களா சார்?" கேட்ட குரலில் ஆசை இருந்தது.

"சூடான ரத்தம் வேணும்யா அதுக்கு. ஆள வுட்டு எறங்குனா ஒரு நாள், ரெண்டு நாள்தான் தாங்கும். நீ உசுரோட இருக்கேங்கறதுக்கு இதை விட சர்டிபிகேட் வேணுமா?" டாக்டர் சிரித்தார். "சரி, எந்தப் பக்கம் போய் வந்தே?"

"எங்கயும் போவல சார். மாதா மேல சத்தியமா. வீட்டுல அனிதா ஒருத்திதான்."

டாக்டரின் சிரிப்பு நின்றது.

"துண்டு, போர்வை வழியாவும் வரலாம். ரொம்ப அபூர்வம்" என்று மேசையைப் பார்த்துச் சொன்னார். "கூடப் படுக்கறவங்களும் மருந்து போடணும். ரெண்டு டியூப்பா வாங்கிக்க."

திரும்பும் பஸ் ஆலப்பாக்கம் தாண்டும் வரை ஜெபஸ்டின் துண்டுகளை நினைத்துக்கொண்டே வந்தான். வெளியார் துண்டு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

வீட்டில் அனிதாவின் பை கட்டித் தயாராக இருந்தது. அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டு ஒரு டியூப்பை நீட்டினான்.

"இது உனக்கு."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. என்னவென்று பார்க்கவும் இல்லை.

"எத்தினி வாட்டி போடணும்?" என்றாள்.

கூடத்திலிருந்து சவரிமேரியின் குரல் வந்தது: "என்ன மாப்ளே, பேய் போச்சா? நாங்க கெளம்பட்டுமா?"

ஜெபஸ்டின் அனிதாவைப் பார்த்தான். அவள் டியூப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"அனிதா இங்கயே இருக்கட்டும் அத்தை" என்றான். "பேய்தான். ரெண்டு பேருமா சேர்ந்து வெரட்டிக்கறோம்."