அம்மாவின் சாட்சி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு என் அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பொய் சொன்னார். நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பல்லேபொலவில் எங்கள் சபை கூடிய தகரக் கொட்டகையில், பாஸ்டரின் தலைக்கு நேர் மேலே ஒரு சுவர்க்கடிகாரம் தொங்கும். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட இன்னும் எவ்வளவு நேரம் என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

பொய் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே சொல். "இல்ல."

தங்கச்சி பிறந்த பிறகு அம்மாவுக்குச் சுகமில்லாமல் போயிருந்தது. காய்ச்சலாக இருந்திருந்தால் சபையே கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்திருக்கும். அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். பிள்ளை அழும், பார்ப்பார், தூக்கமாட்டார். காயப்போட்ட மிளகின் மேல் மழை கொட்டிய ஒரு நாள், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்றுகொண்டே அது நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசுவாசக் குறைவு என்றார்கள். "அவங்க தாய்வீட்டுல இன்னும் பூசை செய்றாங்கல்ல, அதான்" என்றும் சொன்னார்கள். கடைசியில் அப்பா யாருக்கும் சொல்லாமல் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே கடதாசி உறையில் போட்டுச் சின்ன மாத்திரைகள் கொடுத்தார்கள். உடனே ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் போன பிறகு ஒரு காலையில், எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அம்மா, "என்னா பாப்பா இது, தலையா, வாசல் கூட்டுற தும்புக்கட்டையா?" என்று கேட்டுவிட்டு என்னைவிட அதிகமாகச் சிரித்தார்.

அம்மா சிரித்த செய்தி கேட்டதும் சபை வந்துவிட்டது, அது தங்கள் ஜெபத்தின் பலன் என்று சொல்ல. சாட்சி சொல்ல அழைத்தார்கள். அம்மா நன்றி சொல்லத்தான் எழுந்தார். கர்த்தர் எனக்குச் சுகம் தந்தார் என்றார். அதை அவர் நம்பினார். நானும் இன்றுவரை நம்புகிறேன். அத்தோடு உட்கார விட்டிருக்கலாம். முன்வரிசையிலிருந்து பாஸ்டரம்மா சிரித்த முகத்தோடு கேட்டார்: "மருந்து மாத்திரை ஏதும் எடுக்கிறீங்களா சிஸ்டர்?" அறுபது பேர் தட்டுவதற்குக் கையைத் தயாராக வைத்திருந்தார்கள். அந்தக் கைகளுக்கு முன்னால் ஒரு பெண் வேறு என்ன சொல்ல முடியும்?

தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பாஸ்டருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, இருந்தது. எங்கள் வீட்டில் சாப்பிட வந்தால், சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து, அம்மாவிடமே தண்ணீர் கேட்டு வாங்கி விழுங்குவார். அது மட்டும் ஒருநாளும் விசுவாசக் குறைவு ஆகவில்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்தத் தண்ணீர்க் கோப்பையை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே அப்பா முடிவு சொல்லிவிட்டார். "இனிமே கிளினிக் பக்கம் போகாத. நம்ம ஆளுங்க யாராச்சும் பாத்தா மானம் போயிரும்." ஆகவே மிச்சமிருந்த மாத்திரை உறை பருப்பு டின்னுக்குள் போனது. அம்மா அடுப்படிச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, எதையோ திருடித் தின்பவர் போல விழுங்குவார். ஒருநாள் நான் பார்த்துவிட்டேன்.

"யாருகிட்டயும் சொல்லிறாத பாப்பா, என்னா?"

"அப்பாகிட்டயும்?"

"அப்பாகிட்டயுந்தான்."

அடுத்த ஞாயிறு பள்ளியில் எங்களுக்குக் கதை சொல்லும் அக்கா, சபைக்கு முன்னால் பொய் சொன்ன ஒரு கணவனும் மனைவியும் நின்ற இடத்திலேயே விழுந்து செத்த கதையைச் சொன்னார். நன்றாக நடித்துக் காட்டுவார். தொப்பென்று பாயில் விழுந்து நாக்கை நீட்டினார். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்களையும் எங்களையும் பிரித்த திரைச்சீலையின் இடுக்கால் நான் அம்மாவைப் பார்த்தேன். கண்ணை மூடிப் பாடிக்கொண்டு நின்றார். இந்த வரியில் விழுவாரா, அடுத்த வரியிலா என்று ஒவ்வொரு வரியாக எண்ணினேன்.

இரண்டு இரவு யோசித்தேன். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் சொன்னதை உண்மையாக்கலாம். மாத்திரை இல்லாவிட்டால் அம்மா மாத்திரை எடுக்காதவர் ஆகிவிடுவார்; பொய்யும் பொய்யாக இருக்காது. செவ்வாய்க்கிழமை அம்மா குளிக்கப் போன நேரம், உறையோடு எடுத்துக் கக்கூஸ் குழியில் போட்டு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். அம்மாவின் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று முழங்கால் போட்டு ஸ்தோத்திரமும் சொன்னேன்.

அன்று பின்னேரம் அம்மா டின்னைத் திறந்தார். பருப்பை எல்லாம் சுளகில் கொட்டிக் கிளறினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வீட்டுவேலைக் கொப்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பருப்பைத் திரும்ப டின்னில் அள்ளிப் போட்டார்.

இப்போது நானும் ஒரு தாய். எனக்கும் அதே போன்ற மாத்திரைகள்தான். சாப்பாட்டு மேசையில், பிள்ளைகள் பார்க்க விழுங்குகிறேன். போன மாதம் ஜெபக்குழுவில் ஒருத்தி என் தோளைத் தடவி, "இன்னுமா எடுக்கிறீங்க சிஸ்டர்? விசுவாசத்தோட ஒருக்கா நிப்பாட்டிப் பாருங்களேன்" என்றாள். "மொதல்ல நீங்க இப்பிடிக் கேக்கிறத நிப்பாட்டுங்க" என்று கத்திவிட்டேன். கூட்டம் அத்தோடு கலைந்தது. ஆனால் பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் ஒன்பது வயது. எந்தக் கதையைக் கேட்டு எதை எங்கே கொட்டுவாளோ என்று, அலுமாரியில் உறை இருக்கிறதா என்று தினமும் தடவிப் பார்க்கிறேன்.

நான் மாத்திரையைக் கொட்டிய இரண்டாம் வாரம் அம்மாவுக்குத் தூக்கம் போனது. மூன்றாம் வாரம் மறுபடியும் கட்டிலின் விளிம்பு. ஒரு மத்தியானம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தங்கச்சி பாயில் கிடந்து குரல் கம்மும்வரை அழுதுகொண்டிருந்தாள். அம்மாவைக் காணவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், மெயின் ரோட்டுப் பஸ் ஹோல்ட்டில், வீட்டு உடுப்போடு, செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"தெரியல பாப்பா. நான் இல்லாட்டி புள்ளைக்கு நல்லம்."

கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அப்பா சபைக்குச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு அல்ல, சபைக்கு. மூன்று நாள் உபவாச ஜெபம் என்று தீர்மானித்தார்கள். பால் கொடுக்கும் தாய்க்குச் சோறு கிடையாது, வெந்நீர் மட்டும். சுற்றி நின்று தலையில் கையை வைத்து அழுத்தி, உள்ளே இருப்பதை வெளியே போகச் சொல்லிக் கத்தினார்கள். ஜெபிக்க வந்தவர்களுக்கு மட்டும் அவரவர் வீட்டிலிருந்து சாப்பாடு பார்சல் வந்தது. அப்பா வாசலில் நின்று ஆமென் சொன்னார். நான் தங்கச்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, என் பங்கை நான் செய்துவிட்டேன், இனிக் கர்த்தர் தன் பங்கைச் செய்வார் என்று காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை வந்தவர், தங்கச்சியை நிறுக்க வந்த குடும்பநல மாது. ஊரில் எல்லோருக்கும் அவர் மிஸ்ஸி. சிங்களப் பெண், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். பிள்ளையை நிறுத்தார். முகம் மாறியது. விரித்த குடையோடு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது என்ன? பால் குடுக்கிற அம்மா பட்டினியா?"

"ஜெபம் நடக்குது மிஸ்ஸி. பொறகு வாங்க" என்றார் பாஸ்டரம்மா.

"நல்லது. நீங்க சர்ச்சுல போய் ஜெபம் பண்ணுங்க. இங்க எனக்கு வேலை இருக்குது."

யாரும் அசையவில்லை. மிஸ்ஸி குடையை மடக்கிக் கதவைக் காட்டியபடி நின்றார். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அம்மாவுக்குச் சீனி போட்ட தேத்தண்ணி ஊற்றச் சொல்லி, அவர் வாய் வைத்துக் குடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்தார். பிறகு கிளினிக் கொப்பியில் ஆஸ்பத்திரிக் குறிப்பைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்: "ஆஸ்பத்திரி மருந்து எங்க?"

அப்பா நிலத்தைப் பார்த்தார்.

"வீசிட்டீங்களா? யார் அதை வீசினது?"

எனக்கு வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது. "நான்..." என்று தொடங்கினேன். மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசாத அம்மா அப்போது பேசினார்.

"நான்தான் மிஸ்ஸி. நான்தான் கொட்டினேன்."

அம்மாவுக்கு அவ்வளவு முற்றிவிட்டது, செய்யாததைக்கூடத் தான் செய்ததாக நினைக்கிறார் என்றுதான் எனக்கு அன்று தோன்றியது. அந்தப் பயத்தில் இன்னும் சத்தமாக அழுதேன்.

மிஸ்ஸி அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கிளினிக் கொப்பியை மடியில் விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"அம்மா சொன்னா, நான் அப்படித்தான் எழுதுறது" என்றார்.