வாசலை மறித்த தொட்டில்

வெடிமருந்து ரூமுக்கு நாலு பக்கமும் கதவு இருக்கும். ஒன்றிலும் தாழ்ப்பாள் போடக் கூடாது. பொறி கண்ணில் பட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் ஓட வேண்டும். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் அப்படித்தான் நான் உயிரோடு வேலை பார்த்து முடித்தேன். இப்போது என் மகள் அங்கே போகிறாள். அவள் காலும் அதைப் பழகிக்கொண்டது.

எங்கள் வீடு ஒரே அறை. ஒரு ஓரம் கேஸ் அடுப்பு, மறு ஓரம் சேலைத் தொட்டில். அன்று சாயங்காலம் வேனை விட்டு இறங்கி வந்தவள், அப்பளம் பொரிக்க எண்ணெயைக் காய வைத்தாள். தொட்டிலில் அவள் பிள்ளை சிணுங்கினான். அவனை ஆட்டித் தூங்க வைத்துத் திரும்புவதற்குள் எண்ணெய் புகைந்து, சட்டி குப்பென்று பற்றிக்கொண்டது.

"யம்மா, ஓடு!"

என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். என்ன ஏது என்று நான் கேட்பதற்குள் இரண்டு பேரும் தெருவில் நின்றோம்.

குழாயடியில் குடத்தோடு நின்ற எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். "வெடி செய்யிறவுக அப்பளச் சட்டிக்கா இந்த ஓட்டம் ஓடுறீக?"

மகளும் சிரிக்க வாயெடுத்தாள். அப்படியே முகம் செத்துப்போனது.

"யம்மா... பிள்ளை."

சொன்னாளே ஒழிய நகரவில்லை. கால் நட்டு வைத்தாற்போல் நிற்கிறது. எதிர்வீட்டுக்காரி குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தாள்.

"ஏ, தண்ணி ஊத்தாத! எண்ணெயோட வீடு பூராம் தெறிக்கும்!"

அவளைத் தள்ளிவிட்டு நான் உள்ளே போனேன். எனக்கு முட்டி மடங்காது. போனேன். புகைக்குள் தடவிப் பிள்ளையை வாரி வந்து எதிர்வீட்டுக்காரி கையில் திணித்தேன். மறுபடி போய் கேஸை மூடி, இட்லிச் சட்டி மூடியைத் தீயின் மேல் கவிழ்த்தேன். பிள்ளையிடம் சத்தமே இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடினான். தெருக்காற்று பட்டு வெகுநேரம் கழித்துத்தான் அழுதான். அதுவரைக்கும் நான் எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை.

மகள் அவனை வாங்கவே இல்லை.

"பிடிடி. பாலுக்கு அழுறான்."

"வேண்டாம்மா. நான் ஓடிட்டேன்ல."

"யாரா இருந்தாலும் ஓடத்தான் செய்வாக."

"அங்க ஓடாட்டி நான் செத்தேன். இங்கன ஓடுனா இவன் செத்தான். எந்த இடத்துல நிக்கோம்னு இந்தக் காலுக்கு எப்படிம்மா தெரியும்?"

நான் பிள்ளையை என் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன்.

விடிந்ததும் அவள் தொட்டிலை அவிழ்த்தாள். வாசலுக்கு நேரே இருந்த கொக்கியில் தாழக் கட்டி, பிள்ளையைப் போட்டாள். பிறகுதான் அடுப்பைப் பற்ற வைத்தாள். பால் பொங்குவதற்குள் எத்தனை முறை திரும்பிப் பார்த்தாளோ. தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது.

"வழியை மறிக்கேடி," என்றேன்.

"மறிக்கட்டும்மா. ஓடுனா அவன் மேல முட்டித்தான் ஓடணும்."