சகலையின் கண்டெய்னர்

விரித்துப் போட்ட போர்வையின் மேல் முழங்காலை ஊன்றி, இரண்டு முழங்கைகளாலும் அழுத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை விரட்டிக்கொண்டிருக்கிறார் வேதசிரோமணி. பக்கத்தில் காபி ஆறிக்கொண்டிருக்கிறது. “காத்து உள்ள இருந்தா துணி நம்ம பேச்சக் கேக்காது அண்ணாச்சி” என்று எனக்கு விளக்கம் வேறு. மடித்து முடித்தால் போர்வை செங்கல் மாதிரி ஆகிவிடும். லுங்கி, செய்தித்தாள், சாப்பிட்டு முடித்த வாழை இலை, எதுவானாலும் இவர் கைக்குப் போனால் செங்கல்தான்.

இவர் என் சகலை. என் மனைவி அன்னாளின் தங்கை ஞானபாக்கியத்தைக் கட்டியவர். குள்ளம், தொந்தி, வெயிலில் வெந்த மூக்கு. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணியை மடித்துக் கட்டுக்கட்டாக அடுக்கும் வேலையில் இருந்தார். பிறகு யாரோ கைகாட்ட, வளைகுடாவுக்கு விமானம் ஏறினார். அங்கே ஒரு விமான கிளப்பில் கூட்டிப் பெருக்கத்தான் போனார். இவர் துணி மடிக்கிற லட்சணத்தைப் பார்த்துவிட்டுப் பாராசூட் மடிக்க உட்காரவைத்துவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் பொழுதுபோகாமல் விமானத்திலிருந்து குதிப்பார்களாம்; குதித்து வந்தவர்கள் போட்ட துணியை இவர் மறுபடி மடித்துப் பையில் அடைப்பாராம். அதற்குச் சம்பளம். நானும் இருபது வருஷமாக ராஜபாளையத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் நூல் கட்டுகளுக்குச் சீட்டு எழுதுகிறேன். எனக்கும் சம்பளம் என்றுதான் பெயர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்னாள் வாரம் ஒருமுறை ஞாபகப்படுத்துவாள்.

ஒளிவு மறைவு எதற்கு? எனக்கு இவர் மேல் பொறாமை. நல்ல, முற்றிய பொறாமை. இவர் கொண்டுவரும் டேப் ரிக்கார்டர் மேல் பொறாமை. செண்ட் பாட்டில் மேல் பொறாமை. எங்கள் மாமியார் மீன் தலையை எனக்குப் பரிமாறுவதுபோல் வந்து, கடைசி நிமிஷத்தில் கரண்டியை அந்தப் பக்கம் திருப்புகிறாரே, அதன் மேல் பொறாமை. ஒரு சண்டையாவது போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் ஆள் லாயக்கில்லை. அண்ணாச்சி, அண்ணாச்சி என்று காலையே சுற்றிவருவார். இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பஸ் ஸ்டாண்டில் நின்றால் சட்டை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் காற்றில் விடுவார். அது எந்தப் பக்கம் போகிறது என்று வாயைத் திறந்துகொண்டு பார்ப்பார். “காத்து செம்பகத்தோப்பு மலைப் பக்கமிருந்து வருது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அதற்குள் மதுரை பஸ் போய்விடும். இவரோடு ஊருக்குக் கிளம்பினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எல்லோரும் இவரோடுதான் போக ஆசைப்படுவார்கள்.

இவருடைய வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது. இவர் வளைகுடாவிலிருந்து பேசினால் போன் பக்கத்து மருந்துக் கடைக்குத்தான் வரும். லைன் சரியில்லாததால் இரண்டு பேரும் கத்துவார்கள்; மாத்திரை வாங்க வந்தவர்களெல்லாம் குடும்ப விஷயத்தைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு அப்படி ஒரு போன் வந்தது. “கண்டெய்னர் ஒண்ணு வெலைக்கு வருது பாக்கியம். பழசுதான். மொதமொதல்ல வாங்குதோம்லா, நமக்குப் பழசுதான் கட்டுபடியாவும். லீவுக்கு வாரப்பக் கொண்டாரேன்” என்று கத்தினார். அதோடு லைன் அறுந்துவிட்டது.

கண்டெய்னர் என்றால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான். ராஜபாளையத்து நூலையும் சத்திரப்பட்டித் துணியையும் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கொண்டுபோகிற பெரிய இரும்புப் பெட்டியும், அதைச் சுமக்கிற நீள லாரியும். மருந்துக் கடையிலிருந்து கிளம்பிய சேதி மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எங்கள் ஆபீஸில் வந்து உட்கார்ந்திருந்தது. முதலாளி சௌந்தரபாண்டியன் மேசை விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். உங்கள் சகலை கண்டெய்னர் இறக்குகிறாராமே, லோடெல்லாம் நாமே கொடுத்துவிடலாம் என்றார். இருபது வருஷம் நான் வேர்த்து ஊற்றியும் திரும்பாத விசிறி அது. காற்று சுகமாகத்தான் வந்தது. வயிறுதான் எரிந்தது.

லாரி வீட்டுக்குள் வரவேண்டுமே என்று ஞானபாக்கியம் காம்பவுண்டுச் சுவரை இடிக்க முடிவு பண்ணினாள். எவ்வளவு அகலம் இடிப்பது? கண்டெய்னர் அளவு தெரிந்த ஆள் குடும்பத்தில் நான் ஒருவன்தான். ஆகவே கொத்தனார் சங்கிலிப்பாண்டியைக் கூட்டிக்கொண்டு போய், வயிற்றெரிச்சலோடு நூல் பிடித்து அளந்தேன். வண்டி திரும்ப இடம் போதாது என்று, காய்த்துக் குலுங்கிக்கொண்டிருந்த முருங்கை மரத்தையும் வெட்டச் சொன்னேன். ஞானபாக்கியம் எனக்கு எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து கொடுத்தாள். சுவர் விழுகிற சத்தத்தைக் கேட்டுத் தெருவே வந்து நின்றது. அவள் முகத்தில் அன்றிருந்த பூரிப்பை நான் அவள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

மே மாதம் வேதசிரோமணி வந்தார். ஒரே ஒரு சூட்கேஸோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார். சுவர் கிடந்த கிடப்பைப் பார்த்து, மழையில் விழுந்துவிட்டதா என்று கேட்டார். கண்டெய்னர் எங்கே நிற்கிறது, தூத்துக்குடியிலா என்று நான் கேட்டேன்.

“இந்தா இருக்குல்லா அண்ணாச்சி” என்று சூட்கேஸைத் தட்டினார்.

திறந்தால், முதுகில் மாட்டிக்கொள்கிற இரண்டு பைகள். பட்டையும் வளையமுமாகத் தொங்குகின்றன. பாராசூட்டை மடித்து அடைக்கிற பைக்குத்தான் அங்கே கண்டெய்னர் என்று பெயராம். ஞானபாக்கியம் விறுவிறுவென்று அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் அன்று மதியம் சோற்றை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் கை கழுவுகிற வரைக்கும்தான் இருந்தது. மடிப்பதோடு நிற்காமல், அங்கே ஒரு வாத்தியாரிடம் குதிக்கவும் பழகிவிட்டதாக இவர் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். மேகத்துக்கு மேலே கையையும் காலையும் விரித்துக்கொண்டு, கன்னம் இரண்டும் காற்றில் காதுப் பக்கம் ஒதுங்க, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். என் கல்யாணப் போட்டோவை நினைத்துப் பார்த்தேன். அதில்கூட நான் அப்படிச் சிரிக்கவில்லை. கடனோ உடனோ வாங்கினால் லாரி நானும் வாங்கலாம். இந்தச் சிரிப்பை எந்தக் கடையில் வாங்குவது? தின்ற சோறு கல்லாக உட்கார்ந்தது.

கிளப் தன் பையை இரவல் கொடுப்பது பழகுகிற வரைக்கும்தானாம். பழகி முடித்தவன் சொந்தமாக வாங்கிக்கொள்ள வேண்டும். புதுப் பை வாங்குகிற வசதி இவருக்கு இல்லை. இந்த இரண்டும் அங்கே குதித்துக்கொண்டிருந்த ஒரு புருஷன் பெண்சாதியுடையவை. பிள்ளை பிறக்கப்போகிறது என்று இருவரும் குதிப்பதை நிறுத்திவிட்டார்கள். கொண்டுபோய் மாட்டிப் பார், ஒன்றை மலிவாக எடுத்துக்கொள், மற்றதைத் திருப்பிக் கொடு என்று நம்பிக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். இதை விட்டால் கைக்கெட்டுகிற விலையில் இன்னொன்று அமையாது என்று இவருக்குத் தெரியும்.

ஆனால் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. ஞானபாக்கியம் இடிந்த சுவருக்கு ஓலைத் தட்டி கட்டி மறைத்தாள். தெருவில் போகிறவர்கள் கண்டெய்னர் உள்ளே நிற்கிறதா என்று தட்டியை விலக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் புருஷனுக்குச் சோற்றை வைப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். இவரும் கெஞ்சவில்லை. “பாக்கியம் சரின்னு சொன்னா எடுப்பேன் அண்ணாச்சி. இல்லன்னா ரெண்டயும் திருப்பிக் குடுத்துட்டு, குதிச்சு வாரவுகளுக்கு மடிச்சுக் குடுத்துக்கிட்டு இருப்பேன்” என்று என்னிடம் மட்டும் சொன்னார். சொல்லும்போது அந்தச் சிரிப்பு எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

லீவு முடிகிற வாரம் ஞானபாக்கியம் அக்காவிடம் சொல்லியனுப்பினாள். அத்தான் வந்து பார்க்கட்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் வேண்டாம். வேண்டும் என்றால் எதை எடுப்பது என்றும் அவரே சொல்லட்டும். கண்டெய்னர் விஷயம் அத்தானுக்குத்தான் தெரியும். சுவர் போய், மரம் போய், மானமும் போன பிறகும் அந்தச் சொல் அவளை விடவில்லை பாருங்கள்.

‘வேண்டாம்’ என்பதை ராஜபாளையத்திலேயே வாயில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன். உயிருக்கு ஆபத்து, குடும்பஸ்தன், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று காரணங்களும் கைவசம் இருந்தன. அன்னாள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, “வயித்தெரிச்சல்ல எதயாவது சொல்லி வச்சிராதீய. ஊரு ஒங்களத்தான் ஏசும்” என்றாள். இத்தனை வருஷம் கூடவே இருந்தவளுக்கு என் மௌனம்கூடக் கேட்கிறது. வாயில் இருந்ததை விழுங்க வேண்டியதாயிற்று.

நாங்கள் போனதும் வேதசிரோமணி இரண்டு பைகளையும் கட்டிலில் வைத்தார். ஒன்று கறுப்பு. சின்னது, கச்சிதம், வக்கீல் கோட்டு மாதிரி மினுமினுப்பு. பெண்சாதிக்காரி போட்டிருந்ததாம். மற்றது புருஷனுடையது. பெரிய பை. ரோஸும் மஞ்சளும், ஓரத்தில் கத்திரிப்பூ நிறமும். கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாசிக்கிறவர்கள் சட்டைதான் அப்படி இருக்கும். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் எது நல்லது என்று இவர் கேட்டிருக்கிறார். மருந்துக் கடைக்காரர் முதல் சங்கிலிப்பாண்டி வரைக்கும் கறுப்பு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஞானபாக்கியத்துக்கும் உள்ளுக்குள் கறுப்புதான். அதுவாவது மரியாதையாக இருக்கிறது என்று அக்காவிடம் சொல்லியிருந்தாள்.

“செத்த நேரம் இருங்க, மாட்டிக் காட்டுதேன்” என்று கறுப்பை எடுத்து மாட்டினார். தொந்தி உள்ளே போய் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ராணுவத்திலிருந்து வந்தவர் மாதிரி நின்றார். கண்ணாடியைப் பார்த்துத் தன்னையறியாமல் மீசையைத் தடவினார். எனக்குத் தாங்கவில்லை. பிறகு பெரியதை மாட்டினார். மூட்டை சுமக்கிற ஆள் மாதிரி முதுகுக்கு மேல் எழும்பி நின்றது. என் மனசு குளிர்ந்தது.

வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. சரி, போகட்டும், இந்தக் கோலத்திலாவது போகட்டும். அடுத்த போட்டோ எடுக்கும்போது இதோடுதானே எடுக்க வேண்டும்? தொண்டையைச் செருமிக்கொண்டு, “பெருசத்தான் எடுக்கணும்” என்றேன். காரணமும் சொன்னேன். “மொத கண்டெய்னர் எப்பவும் பெருசா இருக்கணும். எம்புட்டு லோடு வரும்னு யாருக்குத் தெரியும்?”

வேதசிரோமணி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

“அங்க வாத்தியாரு சொன்னதும் இதத்தான் அண்ணாச்சி” என்றார். “சின்னப் பைக்குள்ள சின்ன பாராசூட்டுதான் அடங்கும். என் எடைக்கு அது விறுவிறுன்னு கீழ வந்துரும். நல்லாப் பழகுனவுகளுக்குச் சரி. எனக்குக் காலு போயிரும், சமயத்துல உசிரே போயிரும். பெருசுன்னா மெதுவா எறக்கி விடும். ஆனா கறுப்பக் கண்டதும் மனசு கேக்கல. கேட்டவுக எல்லாம் அதத்தான் சொன்னாக. நானும் அதயே எடுத்துருவோம்னு இருந்தேன். ஒருத்தராச்சும் வேண்டாம்னு சொல்லமாட்டாகளான்னும் இருந்துச்சு.”

அடுக்களை வாசலில் நின்றிருந்த ஞானபாக்கியம் நேராக வந்தாள். கறுப்புப் பையை எடுத்துச் சூட்கேஸுக்குள் திணித்து மூடினாள். புருஷன் முகத்தைப் பார்த்து, அந்த லீவில் முதல் தடவையாகப் பேசினாள். “அத்தான் சொன்னதயே எடுங்க.” என் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்னாள் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி என்ன சொல்வது? இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இந்தப் பெருமையும் இந்த ஆளால்தான் வந்தது என்பதை நினைக்கும்போது மட்டும் மறுபடி எரிந்தது.

எங்கள் பக்கம் வண்டி வாங்கினால் மூத்தவர்தான் முதலில் ஏறி உட்கார வேண்டும். அதுபோல, “மொதல்ல நீங்க போடணும் அண்ணாச்சி” என்று வேதசிரோமணி எழுந்தார். நான் மறுப்பதற்குள் ரோஸும் மஞ்சளும் என் முதுகில் ஏறிவிட்டன. வேட்டியைத் தூக்கிக் கட்டச் சொல்லி, என் கால்களை ஒவ்வொன்றாகப் பட்டைக்குள் நுழைத்தார். நான் ஒல்லி, எல்லாம் தொளதொளவென்று தொங்கின. இவர் சிமெண்டுத் தரையில் என் முன்னால் மண்டியிட்டார். பட்டைக்கும் என் உடம்புக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். தாராளமாகப் போயிற்று. இறுக்கம் போதாது என்று தலையை ஆட்டிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் ஓர் இழுப்பு இழுத்து இறுக்கினார்.