ஆறு மாதம் தரை, ஆறு மாதம் தண்ணீர்

'தண்ணீர் ஏறி இறங்கும் தரையை எவருக்கும் குத்தகைக்கு விடலாகாது.' இந்த விதியை யாழ்ப்பாணத்துத் தோம்புக் கந்தோரில் எழுத்தராக இருந்தபோது எத்தனை முறை பிரதி எடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஊரில் இருப்பவர்களுக்குத் தோம்பை விளக்க வேண்டியதில்லை. என்னைப் போலப் பழவேற்காட்டில் வந்து தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: யாருடைய காணி எங்கே தொடங்கி எந்தப் பனையடியில் முடிகிறது என்று எழுதிவைக்கும் பதிவேடு அது. அங்கே ஆள்வதும் ஒல்லாந்தர். இங்கே கோட்டையில் இருப்பதும் ஒல்லாந்தர். ஒரே கொடி, ஒரே முத்திரை. விதி மட்டும் கப்பலில் வரும்போது நனைந்து அழிந்துவிட்டது போலும்.

வேலையிலிருந்து ஓய்ந்து, மனைவியும் போன பின், மகள் வாழ்க்கைப்பட்ட இந்த ஊருக்கு வந்தேன். வந்த புதிதில் ஒரு நாள் காலை ஏரிக்கரைக்குப் போனால், மருமகன் முந்தின மாலை தோணி கட்டிய இடத்தில் ஆடு நின்றது. தோணி சேற்றில் சாய்ந்து கிடந்தது. தண்ணீரைக் காணவில்லை. நான் பதறியடித்து வீட்டுக்கு ஓடினேன். "காத்து திரும்பிச்சு மாமா, தண்ணி அந்தாண்ட போயிருக்கு. வந்துடும்" என்றார் மருமகன், பல் துலக்கிக்கொண்டே. தண்ணீர் என்னவோ சந்தைக்குப் போயிருப்பது போல.

நான் பிறந்த ஊரில் தரை தரையாகவே இருக்கும். ஆறு கிடையாது, கிணறும் செம்மண்ணும் வேலியும்தான். வேலி ஒரு சாண் நகர்ந்தால் இரண்டு தலைமுறைக்கு வழக்கு நடக்கும். அந்த வழக்குகளால்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது. உத்தியோகம் வேண்டுமானால் ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போகவேண்டும். வீட்டுக்கு வந்து திருநீறு பூசிக்கொண்டதை யாரும் தோம்பில் ஏற்றவில்லை. ஆதியில் கடவுள் நீரை ஒரு பக்கமும் நிலத்தை ஒரு பக்கமும் பிரித்துவைத்தார் என்று பாதிரி சொல்வார். நல்ல எழுத்தர் செய்கிற வேலை என்று மனத்துக்குள் மெச்சிக்கொள்வேன். இந்த ஏரியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, பிரித்தவரே ஓரிடத்தில் கையை நிறுத்தியிருக்கிறார். பிரிக்காமல் விட்டால் எப்படியிருக்கும் என்று அவருக்கே ஆசை வந்திருக்க வேண்டும். மழைக்கு ஆற்று நீர் வந்து சேரும். முகத்துவாரம் வழியே கடலும் உள்ளே வரும். இரண்டும் கலக்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத இறால் குஞ்சுகள் நுழைந்து, விரல் நீளத்துக்கு வளரும். வெயில் காலத்தில் பாதி ஏரி வெடித்த சேறாகும். மறு மழைக்கு அந்தச் சேறே இறாலுக்குத் தொட்டிலாகும். அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதன் வாய் பிளந்து நிற்பது அழகல்ல. நான் நின்றேன்.

இதைத்தான் கோட்டைக் கந்தோர் குத்தகைக்கு விட்டது.

எங்கள் தெருக்கோடியில் எல்லம்மா இருக்கிறாள். அவளுக்கு வலையும் இல்லை, தோணியும் இல்லை, கைகள்தான். வலைக்காரர்கள் சீட்டுப் போட்டு முறைவைத்து முகத்துவாரத்தில் பிடிக்கிறார்கள். கையால் பிடிப்பவர்களுக்கு ஏரி நடுவே ஒரு திட்டு. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர். அங்கே உட்கார்ந்தவாறே நகர்ந்து, சேற்றைத் தடவி, இறாலைப் பிடித்துப் பறிக்கூடையில் போடுவாள். ஓலைப் பறியின் கயிறு பற்களுக்கிடையே இருக்கும். அவள் வாயை மூடியிருப்பது அப்போது மட்டும்தான். ஒரு கோடையில் திட்டு காய்ந்து கிடந்தபோது யாரோ ஒருவன் உப்புப் பாத்திக்கென்று அதைக் குத்தகை எடுத்தான். சுற்றிலும் கழி நட்டான். மழை வந்து தண்ணீர் ஏறிய பிறகும் கழிக்குள்ளே எவரும் இறங்கக்கூடாதென்று காவல் வைத்தான். காவலாள் எல்லம்மாவின் பறியைப் பிடுங்கி மிதித்தான்.

விதி தெரிந்தவன் சும்மா இருக்க முடியுமா? மனு எழுதினேன்.

"இன்னா கணக்கரே, எம்பேர்ல எழுதினீங்களா?" என்று எல்லம்மா கேட்டாள்.

"என்ரை பேரிலை, பிள்ளை. உன்ரை உரிமைக்காக."

"உங்க ஊர்ல தண்ணியே கெடையாதுன்னு உங்க பொண்ணு சொல்லிச்சு. எங்க தண்ணிக்கு நீங்க வாயாடறீங்க. நல்லா கீது ஞாயம்!"

மனு நில மேசைக்குப் போனது. சித்திரையில் கொடுத்ததை அவர்கள் ஐப்பசியில் எடுத்தார்கள். அந்த மேசைக்காரர் குடை பிடித்துத் தோணியில் போய்ப் பார்த்துவிட்டு, "இது தண்ணி சமாசாரம்" என்று எழுதித் துறைமுக மேசைக்குத் தள்ளினார். துறைமுக மேசைக்காரர் அதன்மேல் வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு, அடுத்த ஆனியில் எழுந்து போய்ப் பார்த்தார்.

"கணக்கரே, நீங்களே சொல்லுங்க. அங்க ஆடு மேயுது. ஆடு மேயற எடத்துக்குத் துறைமுகத்துல இன்னா சீட்டு குடுப்பேன்?"

"ஐயா, ஐப்பசியிலை போய்ப் பாருங்கோ."

"ஐப்பசில மழையாச்சே. எப்படிப் போறது?"

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கோபம். கடவுள் ஒரே இடத்தில் இரண்டையும் வைத்தார். இவர்கள் இரண்டு மேசைகள் போட்டு, நடுவே ஒருத்தியின் சோற்றை விழவிட்டார்கள். அந்த இரண்டு வருடமும் எல்லம்மா கருவாட்டுக் கொட்டகையில் கூலிக்குப் போனாள். கூலி கருவாடாகவே வந்தது.

அந்த ஆனிக்கு அடுத்த ஐப்பசி மழையில் வெள்ளம் வந்து கழிகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. காவலாள் தன் ஊருக்கே திரும்பிவிட்டான். கார்த்திகையில் எல்லம்மா மறுபடி திட்டில் இறங்கினாள். தையில் தண்ணீர் வடிந்ததும் கழி திரும்ப வரும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு காலை மருமகன் தோணியில் போய் நானும் இறங்கினேன்.

"வேட்டியோடவா! மனு குடுக்க ஏரிக்கே வந்துட்டீங்களா?" என்று சிரித்துவிட்டுக் கயிற்றைக் கடித்துக்கொண்டாள்.

குனிந்து சேற்றில் கையை வைத்தேன். மேலே குளிர்ந்த மழை நீர். கையை இறக்க இறக்க இளஞ்சூடான உப்பு நீர். விரலிடுக்கில் ஏதோ துள்ளியது. இந்தச் சின்ன உயிருக்குக் கடலிலிருந்து இந்தச் சேற்றுக்கு வழி காட்டியது யார்? எந்தக் கந்தோரில் சீட்டு வாங்கி வந்தது இது? கண் கலங்கியது. கோபம் தணியவில்லை, கூடியது. கடவுள் இப்படிச் செய்து வைத்ததை இந்த மேசைக்காரர்கள் அப்படிச் செய்கிறார்களே என்று.

அப்போதுதான் கோட்டைச் சேவகன் தோணியில் வந்து காகிதத்தை நீட்டினான். நின்றபடி படித்தேன். திட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. மனுதாரர் யாழ்ப்பாணத்தார் என்பதால் இங்கே மனுச் செய்ய உரிமையில்லை. யாழ்ப்பாணத்தில் விசாரித்ததில், ஊரை விட்டு நீங்கியதால் அங்கும் தோம்பில் பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே தள்ளுபடி.

பெற்றுக்கொண்டதற்குச் சேவகன் கையெழுத்துக் கேட்டான். கையெழுத்துக்குக் கீழே ஊரும் தேதியும் இருக்க வேண்டும்; அது விதி. "இன்னா ஊருன்னு போடுவீங்க, பெரியவரே?" என்றான். அவன் நீட்டிய எழுதுகோலை வாங்கிக் கையெழுத்தை மட்டும் போட்டேன்.

எல்லம்மா கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள். "திட்டுன்னு போடுங்க கணக்கரே. இன்னும் எம்மாம் நேரம் நிப்பான் அவன்?"

போட்டேன். திட்டு, கார்த்திகை ஒன்பது.