இரண்டு ஜனாதிபதிகள் போட்ட குண்டு

தொண்ணூறுகளில் ஒரு காலை, கனடாவில் ஒஷாவா தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் வான் வண்டியில் சாரதி இருந்தார். கட்சிக் கதை பேசும் இருவர் இருந்தார்கள். நான் இருந்தேன். பின்சீற்றில் ஒரு மொட்டைத்தலை அண்ணை இருந்தார். வெளியில் கால் வைத்ததும் ஆகாயத்தைப் பார்ப்பது அவர் வழக்கம்.

கொழும்பில் குண்டு வெடித்ததாக ரேடியோ சொன்னது.

“உங்கடை பழைய ஜனாதிபதி விட்ட பிழை உது,” என்றார் ஒருவர்.

“உங்கடை புது ஆள் மட்டும் திறமே? பதிலுக்கு எங்கடை சனத்துக்கு மேலைதான் குண்டு போடுவார்,” என்றார் மற்றவர்.

அண்ணை மெல்லச் சொன்னார். “ரெண்டு பேரும் என்ரை வீட்டுக்குக் குண்டு போட்டவை. பழையவரின்ரை குண்டிலை என்ரை மனுசி. புதியவரின்ரை குண்டிலை பிள்ளையள் ரெண்டும்.”

“பாத்தியளே, எங்கடை ஆளின்ரை காலத்திலை ஒண்டுதான்,” என்றார் பழையவருக்காகப் பேசியவர்.

அவர் வாயில் அறைய வேண்டும்போல் எனக்கு இருந்தது. அண்ணை கோபிக்கவில்லை. ஏன் என்று இன்றும் விளங்கவில்லை. அவர்கள் பங்கு பிரித்தது ஒரே வீட்டுப் பிணங்களை.

மூன்று பேர்.