மஞ்சள் டேப்

என் மனைவியைத் தெருவில் எல்லோரும் கமாண்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் நான்தான். கல்யாணமான புதிதில் படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் தெரிந்தால் போதும், தூங்குகிறவனை எழுப்பி நிறுத்திவிட்டு மறுபடி விரிப்பாள். நான் வாய் சும்மா இருக்காமல் ஒருநாள் மளிகைக்கடை வாசலில், "வாங்க கமாண்டர்" என்றேன். கடைக்காரர் பிடித்துக்கொண்டார். இப்போது என்னை "கமாண்டர் வீட்டுக்காரர்" என்கிறார்கள். எனக்கு வேண்டியதுதான்.

அவளுக்கு வேலை ராணுவ முகாமின் சலவைக்கூடத்தில். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சீருடை தேய்க்கிறாள். ஒரு நாள் சாயங்காலம் கையில் எண்ணெய் தடவிக்கொண்டே, "ஊர்ப்பட்ட பேரோட யூனிஃபார்ம் தேய்ச்சாச்சுங்க. என் அளவுல ஒண்ணு தேய்ச்சுப் பாக்கணும்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்புறம்தான் விஷயம் எனக்கு உறைத்தது.

துணைப்படை என்று ஒன்று உண்டு. மாதத்தில் இரண்டு நாள் பயிற்சி, வெள்ளம், தீ என்றால் அழைப்பு, மற்ற நாட்களில் அவரவர் பிழைப்பு. முப்பத்தைந்து வயது வரை சேரலாம். முதல் தடவை தேர்வுக்குப் போனபோது இவளுக்கு முப்பத்து நான்கு. ஓட்டத்தில் தேறினாள், தண்டாலில் தேறினாள், பட்டையில் மாட்டிக்கொண்டாள்.

அந்தப் பட்டை சமாச்சாரம் பார்க்கச் சாதுவாக இருக்கும். சுவரில் ஒரு கதவு உயரத்தில் கொக்கி, அதிலிருந்து இரண்டு பட்டைகள், நுனியில் கைப்பிடி. தரையில் ஒரு வெள்ளைக் கோடு. குதிகாலைக் கோட்டில் ஊன்றி, சுவரைப் பார்த்து நின்று, கைப்பிடியைப் பிடித்தபடி உடம்பை விறைப்பாக வைத்துப் பின்னால் சாய வேண்டும். பிறகு நெஞ்சு கைப்பிடியைத் தொடும்வரை இழுத்து எழ வேண்டும். இருபது தடவை. இவள் பதினான்கில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் எழுந்து வரும்போது, சுவருக்கும் கோட்டுக்கும் நடுவே தன் பாதத்தால் அளந்துகொண்டு வந்தாள். சரியாக மூன்று பாதம்.

அடுத்த வருடம்தான் கடைசி வாய்ப்பு. அதற்கு மேல் வயது இடம் கொடுக்காது.

நான் சோபா தைக்கிறவன். பட்டை என்றால் என்னிடம் கேட்க வேண்டுமா? லாரியில் சரக்கு கட்டுகிற பெல்ட்டை வாங்கி, இரட்டைத் தையல் போட்டு, பழைய சைக்கிள் கைப்பிடிகளை மாட்டிக் கொடுத்தேன். மேல் நுனியில் முஷ்டி அளவுக்கு ஒரு முடிச்சு. அதைக் கதவுக்கு மேலே அந்தப் பக்கம் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினால், எவ்வளவு இழுத்தாலும் வராது. எங்கள் வீட்டில் அதற்குத் தோதான கதவு ஒன்றே ஒன்றுதான். நடையின் கோடியில் இருக்கும் என் அம்மாவின் அறைக் கதவு.

முதல் நாளே அம்மா தேநீர் குடிக்க வெளியே வரக் கதவைத் திறந்தாள். முடிச்சு விடுபட்டு, கமாண்டர் நடையில் மல்லாந்து விழுந்தாள். "பூகம்பமா?" என்றாள் அம்மா. அதிலிருந்து விடிகாலையில் அம்மா சொந்த அறையிலேயே கைதி. உள்ளேயிருந்து, "ஏம்மா, முடிஞ்சுதா? நாக்கு வறண்டு போச்சு" என்று குரல் மட்டும் வரும். இவள் மூச்சு வாங்கிக்கொண்டே, "இன்னும் ஒரே ஒரு சுத்து, அத்தை" என்பாள்.

கதவிலிருந்து மூன்று பாதம் அளந்து, வெள்ளைக் கோட்டுக்குப் பதிலாக என் கடையிலிருந்து ஒரு மஞ்சள் டேப்பைத் தரையில் ஒட்டினோம். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் பஸ்கி, தண்டால், முழங்கையை ஊன்றி அசையாமல் கிடப்பது, பட்டையில் காலை மாட்டிக்கொண்டு மறுபடி தண்டால். கடைசியில் டேப்பில் குதிகாலை வைத்து இழுப்பு. நான் பல் துலக்கிக்கொண்டே வேடிக்கை பார்ப்பேன். "நீங்களும் ஒரு பத்து எடுங்களேன்" என்பாள். எனக்கு உடனே கடையில் அவசர வேலை வந்துவிடும்.

ஆரம்பத்தில் பதினான்கு பதினாறாக ஏறியது. பிறகு நின்றுவிட்டது. பிறகு இறங்க ஆரம்பித்தது. பதினைந்து, பதிமூன்று. தண்டால் மட்டும் ஏறிக்கொண்டே போனது, தோளில் பழைய ரவிக்கை ஒன்றும் ஏறவில்லை, இந்த இழுப்பு மட்டும் பாதாளத்தைப் பார்த்துப் போனது. ஒரு நாள் அவள், "என்னங்க, முன்னைவிட முதுகு தரைகிட்ட போகுதே?" என்று கேட்டாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தொழில் விஷயம் அல்லவா! "பட்டைன்னா தொய்யத்தான் செய்யும். எந்த சோபாவ வேணா கேட்டுப் பாரு" என்று சொல்லி, பட்டையை அவிழ்த்து ஒரு சாண் மடித்துத் தைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் மறுபடி கேட்டாள். மறுபடி மடித்துத் தைத்தேன். லாரி பெல்ட் அப்படித் தொய்யாது என்று என் மண்டைக்கு எட்டவேயில்லை.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பதினொன்றில் வந்து நின்றாள். அன்று அவள் அழவில்லை, கத்தவில்லை. பட்டையைக் கதவிலிருந்து எடுத்துச் சுருட்டி, சலவைக்கூடத்து மடிப்பாக மடித்து, என் கையில் கொடுத்தாள்.

"ஏதாவது சோபாவுக்கு வெச்சுத் தைங்க. நான் போகல."

"போய்த்தான் பாரேன்."

"பதினொண்ணை வெச்சுக்கிட்டுப் போய் எதுக்குங்க அசிங்கப்படணும்? வயசாயிடுச்சு, அவ்வளவுதான்."

பட்டையைக் கடைக்குக் கொண்டுபோனேன், கத்தரியை எடுக்க மனம் வரவில்லை.

அந்த வாரம் அம்மா என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வீடு துடைப்பது அம்மாவின் ஏகபோக உரிமை. மற்றவர்கள் துடைத்தால் அழுக்கை இடம் மாற்றுகிறோமாம். அம்மா இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை என் தலையில் விழுந்தது. நடையைத் துடைக்க வேண்டுமே என்று மஞ்சள் டேப்பை உரித்தேன்.

டேப்புக்குக் கீழே ஒரு பசைத் தடம். அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் இன்னொன்று. அழுக்கேறிய கோடுகளாக, ஏணிப் படிகள் மாதிரி வரிசையாக நடையின் நடுவரைக்கும் போயின. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்கு போன் போட்டேன்.

"ஆமாடா, துடைக்கிறப்ப எடுத்துட்டு மறுபடி ஒட்டுவேன். அதுக்கென்ன இப்ப?"

"எடுத்த இடத்துலயே ஒட்ட மாட்டியா?"

"பழைய பசைமேல ஒட்டினா நிக்காதுடா. ஒரு விரல் தள்ளி கதவுப் பக்கமா ஒட்டுவேன். என்ன, ஒரு விரல்தானே?"

ஒரு விரல்தான். ஆனால் வாரா வாரம் ஒரு விரல். கமாண்டரோ கோடு எங்கே இருக்கிறதோ அங்கே குதிகாலை வைக்கிற ஜாதி. கோடு ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்பது அவள் ரத்தத்திலேயே கிடையாது. கோடு கதவை நெருங்க நெருங்க உடம்பு படுத்துக்கொண்டே போகும், முழுப் பாரமும் கையில் இறங்கும். இவள் படுத்த நிலையில் தன்னைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறாள், நான் பட்டையைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சமையலறையில் இருந்தவளைக் கூப்பிட்டேன். ஈரத் தரையில் வெறுங்காலை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து அளந்தாள். மஞ்சள் டேப் இருந்த இடம், ஒரு பாதத்துக்குக் கொஞ்சம் அதிகம். கடைசியில் இருந்த, ஏறக்குறைய அழிந்துபோன தடம், சரியாக மூன்று பாதம். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பட்டைய வெட்டிட்டீங்களா?"

கடைக்கு ஓடினேன். என் வயதுக்கு அதை ஓட்டம் என்று சொல்லலாம். மடித்துத் தைத்ததையெல்லாம் பிரித்து, எடுத்து வந்து கதவில் மாட்டினேன். அவள் பழைய தடத்தில் குதிகாலை வைத்து இழுத்தாள். பத்து வரை பேசிக்கொண்டே போனாள். பதினான்கைத் தாண்டியபோது பேச்சு நின்றது. இருபதைத் தாண்டியதும் எனக்குக் கண் கலங்கி எண்ணிக்கை தப்பிவிட்டது. அவளே கைப்பிடியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, அதன் பிறகுதான் அழுதாள். அத்தனை மாதமாகத் தன் கையை நொந்துகொண்டவள் அல்லவா. நான் அவள் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

தேர்வு நாளில் என்னை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். மண்டபக் கதவு திறந்திருந்ததால் அவள் முறை வந்தபோது தெரிந்தது. வெள்ளைக் கோட்டில் குதிகாலை வைப்பதற்கு முன், சுவரிலிருந்து பாதத்தால் ஒரு தடவை அளந்து பார்த்தாள். தேர்வாளர் என்னவோ கேட்டார், இவள் என்னவோ சொன்னாள். பிறகு இழுக்க ஆரம்பித்தாள். ஒரு கட்டத்தில் தேர்வாளரின் குரல் வேலிவரை கேட்டது: "போதும்மா, இருபது எப்பவோ முடிஞ்சுது! பின்னால ஆள் நிக்கிறாங்க!"

சீருடை வந்த அன்று நானே தேய்த்துத் தருகிறேன் என்று பெட்டியை எடுத்தேன். "தள்ளுங்க" என்றாள். காலரில் ஆரம்பித்து, கைமடிப்பு, முதுகு என்று ஒரு மணி நேரம் தேய்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பாடி நான் கேட்டதில்லை. சுமாராகத்தான் பாடினாள்.

அம்மா தங்கை வீட்டிலிருந்து வந்த நாளிலிருந்தே குற்றவாளி மாதிரி வளைய வந்துகொண்டிருந்தாள். "எனக்கு என்னடா தெரியும், ராணுவத்தைப் பத்தி?" என்று என்னிடம் இரண்டு தடவை சண்டைக்கு வந்தாள். அன்று நடையைத் துடைத்து முடித்துவிட்டு, மஞ்சள் டேப்பை விரலில் ஒட்டிக்கொண்டு, சீருடைக்கு எதிரில் வந்து நின்றாள்.

"ஏம்மா, இத எங்க ஒட்டணும்? சரியாச் சொல்லிடு. அந்த மூணு பாதத்துலயா?"

கமாண்டர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"உங்களுக்கு எங்க ஒட்டுதோ அங்க ஒட்டுங்க, அத்தை."